கூட்டலும் கழித்தலும்

கே: லாஸ் வேகஸ் போகிறேன். பிளாக்ஜாக் ஆடத் தெரிய வேண்டுமே, என்ன செய்ய?

ப: கூட்டல் தெரிந்தால் போதும், கழித்தலை கசினோ பார்த்துக்கொள்ளும்!

ராஜா, ராணி, ஜாக்கிக்குத் தலா 10, ஏஸுக்கு 1 அல்லது 11. 21-ஐத் தாண்டாமல் டீலரை மிஞ்ச வேண்டும். ஆனால் முதலில் சீட்டு வாங்குவது நீங்கள். கையில் 16, இன்னொன்று கேட்கிறீர்கள், 9 விழுகிறது. பணம் போச்சு. பிறகு டீலரும் 21-ஐத் தாண்டினால்? அப்போதும் போனது போனதுதான். இந்த ஆட்டத்தில் கசினோ லாபத்தின் ஆணிவேர் அதுதான்.

உட்காரும்முன் மேஜையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். முதல் 2 சீட்டிலேயே 21 வந்தால், 10 டாலருக்கு 15 தருகிறார்களா, 12-ஆ? 12 என்றால் அந்த மேஜையே வேண்டாம்.