ஒரு பக்கம் மட்டும் கழற்றியவன்

ஒலிம்பிக் போட்டியில் ஆண்கள் தூக்கும் கம்பி 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ எடை. இரண்டு பக்கமும் ஒரு வட்டுகூட மாட்டாத வெறுங்கம்பியின் கணக்கு இது. தாசேக் கெலுகோரில் நான் குடியிருக்கும் தாமான் வீட்டில் சோபாவையும் டிவி மேசையையும் கழித்துவிட்டால் கூடத்தில் மிஞ்சும் இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பணம் கட்டுமுன் இந்த இரண்டு அளவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. நான் கம்பியின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அளவுநாடாவைத் தேடவில்லை.

ஆசை வந்த கதை இது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாடே கதவைச் சாத்திக்கொண்டது. உடற்பயிற்சிக் கூடங்களும் மூடின. நான் அதுவரை ஜிம் வாசலை மிதித்தவனில்லை. இருந்தாலும் மூடிவிட்டார்கள் என்று கேட்டதும் மனசு சங்கடப்பட்டது. திறந்திருந்தால் போயிருப்பேன் என்று அன்றுமுதல் எல்லாரிடமும் தைரியமாகச் சொல்ல முடிந்தது. அதே சமயத்தில் இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். 2019-இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள், 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. முதல் கணக்கில் நான் ஏற்கெனவே இருந்தேன். இரண்டாவதில் பெயர் பதிவாகுமுன் ஏதாவது செய்யவேண்டும். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசை என்று படித்தேன். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2020-இல் சொன்னது. இரண்டு நாள்தானே என்று கம்பிக்கு ஆர்டர் போட்டேன்.

லோரியில் வந்த பையன் அதை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். "எங்க வைக்கணும் அங்கிள்?" என்றான். பின் அறையில் என்று சொல்லியிருக்கலாம். "இங்கயே வைப்பா, நான் எடுத்துக்கிறேன்" என்றேன். பின் அறைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

வட்டுகளை வேறொரு இடத்தில், மலிவு என்று, தனியாக வாங்கினேன். ஒலிம்பிக் கம்பியில் வட்டு மாட்டும் முனை 50 மில்லிமீட்டர் தடிமன். வீட்டுப் பயிற்சிக்கென்று விற்கும் மலிவு வட்டுகளின் துளை பெரும்பாலும் 25-இலிருந்து 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். மாட்டிப் பார்த்தேன். திருப்பி மாட்டிப் பார்த்தேன். "எண்ணெய் போட்டுப் பாருங்களேன்ப்பா" என்றாள் மகள். அது கிண்டல் என்று உறைக்குமுன் நான் சமையலறையில் எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன்.

அந்த வட்டுகள் வீணாகவில்லை. எங்கள் பக்கம் வயல்வெளி. அறுவடை முடிந்தால் எலிகள் வீட்டுக்குள் குடிவரும். அரிசி டின் மூடிமேல் ஒரு 5 கிலோ வட்டை வைத்தபிறகு அரிசிக்குச் சேதமில்லை. அந்த வட்டுகளோடு மல்லுக்கட்டியது எங்கள் வீட்டில் எலிகள் மட்டும்தான்.

துளை பொருந்தும் வட்டுகளைப் பிறகு வாங்கினேன். விலையை என் மனைவி இன்றுவரை கேட்கவில்லை. கேட்காததே எனக்குத் தண்டனை என்று அவருக்குத் தெரியும்.

கம்பியைத் தாங்க இரும்பு நிலைச்சட்டம் வேண்டும். என்னிடம் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றை நெருக்கமாகப் போட்டு, மேலே கம்பியை வைத்து, ஒவ்வொரு பக்கமும் 15 கிலோ ஏற்றினேன். மொத்தம் 50. தூக்குவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். படம் எடுக்க. கம்பிக்குப் பின்னால் நின்று, கைகளை அதன்மேல் ஊன்றி, இப்போதுதான் முடித்தேன் என்கிற முகத்தோடு படம் எடுத்துப் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். பாராட்டு வந்தது. ஒருவர் மட்டும் பதில் ஏதும் எழுதாமல் சரவாக்கைச் சேர்ந்த போனி புன்யாவ் குஸ்தின் படத்தை அனுப்பினார். தோக்கியோ பாராலிம்பிக்கில் மல்லாந்து படுத்தபடி 228 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய மனிதர் அவர். படுத்துக்கொள்ளும் வரைக்கும் எனக்கும் அவருக்கும் வித்தியாசமில்லை.

படம் எடுத்தாயிற்று, வட்டுகளை இறக்கவேண்டும். இடப்பக்கத்து வட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒழுங்காகச் சுவரோரம் சாத்தினேன். கடைசி வட்டு வெளியே வந்ததும் வலப்பக்கம் தன் 15 கிலோவோடு தரைக்கு இறங்கியது. காலியான இடப்பக்க முனை மேலே எழுந்து கண்ணாடி அலமாரியைப் பதம் பார்த்தது. மகள் திருக்குறள் ஒப்புவித்து வாங்கிய கோப்பை உள்ளே இருந்தது. அதன் ஒரு காது போனது. நாற்காலி ஒன்று இரண்டானது. நல்லவேளை, என் தலை அப்போது குனிந்திருந்தது. நிமிர்ந்திருந்தால் இதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். எண்பதை நெருங்குகிறார், சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடை. கம்பியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காண்டாவுல ஒரு வாளிய மட்டும் எவனாவது கழட்டுவானாடா?"

தாசேக் கெலுகோரைச் சுற்றி இப்போது செம்பனை கண்ணில் படுகிற பல இடங்களில் ஒரு காலத்தில் பால்மரக் காடு. அம்மா மாலாக்கோப் தோட்டத்தில் மரம் சீவியவர். விடியுமுன் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். குளிர்ந்த காலையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் தளர்ந்துவிடும். கோப்பைகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டித் தோளில் வைத்து, மேடும் பள்ளமும் தாண்டி ஸ்டோருக்கு நடக்கவேண்டும். வழியில் சிந்துவது கூலி. வேலை முடிந்து லயத்துக்கு வந்தால் தண்ணீர் எடுக்கவும் அதே கம்பு. நாலு காலன் மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தண்ணீர் என்றால் 18 கிலோ. இரண்டு தகரத்துக்கு 36. அதைத் தோளில் வைக்கும்போதும் இறக்கும்போதும் இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறவேண்டும், ஒன்றாக இறங்கவேண்டும். முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல், தகரம் இரண்டும் ஒரே நேரத்தில் மண்ணைத் தொடும்படி அம்மா இறக்குவதைச் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் வீடியோவில் அதையே சொல்லித்தந்தபோதுதான் குறிப்பு எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்து உழைப்பு, அந்தக் காலத்து உடம்பு என்று நான் பாட வரவில்லை. அப்படிப் பாடுகிறவர்கள் அம்மாவின் முழங்கால்களைப் பார்க்கவேண்டும். இன்றைக்கு உடம்பு முடியவில்லை, 10 கிலோ மட்டும் தூக்குகிறேன் என்று கிராணியிடம் சொல்ல முடியுமா? மழை பெய்தால் ஓய்வு; அன்று கூலியும் ஓய்வெடுத்துக்கொள்ளும். சுமையை அளந்து, இன்று இவ்வளவு போதும் என்று நிறுத்திக்கொள்வது ஒரு வசதி. எங்கள் குடும்பத்தில் அந்த வசதி முதன்முதலில் வாய்த்தது எனக்கு. வாய்த்ததும் நான் தேர்ந்தெடுத்தது, என்னால் தூக்க முடியாத எடையை.

காண்டாவைப் பற்றி ஆராய்ச்சிகூட நடந்திருக்கிறது. ரோஜர் கிராம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991-இல் எழுதினார்: வளைந்து கொடுக்கும் கம்பில் சுமந்து ஓடினால் உடல் செலவழிக்கும் சக்தி குறைவதில்லை, ஆனால் தோளில் விழும் அடியின் உச்சம் குறைகிறது. இதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அந்த ஆளு எவ்வளவு தூரம் தூக்கிட்டுப் போனாரு?" என்று கேட்டார். ஓடுபொறியில் ஆட்களை ஓடவைத்தார், நின்ற இடத்திலேயே, என்றேன். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

தீவுப் பக்கம் ஜார்ஜ் டவுனில் அந்தக் காலத்துத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் இதே கம்பின் இரு முனையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். நாசி கண்டார் அப்படி வந்ததுதான். அந்த வரலாற்றில் நான் தட்டுப் பக்கம் மட்டும் பங்கெடுத்திருக்கிறேன்.

கண்ணாடி மாற்றிய செலவுக்குப் பிறகு மகளே எனக்கொரு கம்பி வாங்கித் தந்தாள். 1.2 மீட்டர், 4 கிலோ, சுற்றிலும் பஞ்சு ரப்பர் உறை. வட்டு மாட்டும் வேலையே இல்லை, எடையெல்லாம் கம்பிக்குள். பார்த்தால் திரைச்சீலை மாட்டும் கம்பி. இதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. விடியற்காலையில் நின்றேன். பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பாம்பாங்க?" என்றார். ஆமாம் என்றேன். அவரும் ஒரு தடியோடு வந்துவிட்டார். இருவருமாகச் சேர்ந்து இல்லாத பாம்பைச் சாக்கடை நெடுகத் தேடினோம். அன்றைய பயிற்சி அது.

இந்தச் சின்னக் கம்பி எனக்கு ஒன்று காட்டிக்கொடுத்தது. அதை முதுகோடு நெடுக்காகப் பிடித்துக்கொள்ளவேண்டும்: பின்தலை, மேல்முதுகு, பிட்டத்துக்கு மேலே இருக்கும் எலும்பு, மூன்றிலும் கம்பி படவேண்டும். அப்படியே இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்தால் மூன்று இடமும் விலகாமல் இருக்கவேண்டும். தரையிலிருந்து எதைத் தூக்கவும் அடிப்படை அதுதான். நான் குனிந்ததும் தலை தனியாகப் போனது, எலும்பு தனியாகப் போனது. நடுமுதுகு மட்டும் வில்லாக எழும்பிக் கம்பியை விடாமல் தாங்கியது. இந்த முதுகை வைத்துக்கொண்டுதான் 50 கிலோவுக்குப் பின்னால் நின்று படம் பிடித்தேன்.

லேசான எடை ஆண்பிள்ளைக்கு ஆகாது என்ற எண்ணமும் போயிற்று. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் 30 விழுக்காட்டை வைத்துப் பயிற்சி செய்த இளைஞர்களின் தொடைத் தசையும் 80 விழுக்காட்டை வைத்துச் செய்தவர்களுடையதும் 10 வாரத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு வளர்ந்தன. அதிகபட்ச எடையைத் தூக்கும் பலத்துக்குக் கனமான எடைதான் மேல். ஆனால் எனக்கு யாரும் பதக்கம் தரப்போவதில்லை. ஒரே நிபந்தனை, இனி ஒருமுறைகூட முடியாது என்கிற இடம்வரை போகவேண்டும். அந்த இடத்துக்கு நான் வெகு சீக்கிரம் போய்விடுவதாக நினைத்திருந்தேன். மகள் பக்கத்தில் நின்று எண்ணியபோது தெரிந்தது, எனக்கு வந்தது களைப்பு இல்லை, சலிப்பு.

1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகப் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தாமதமாகிவிட்டது என்ற சாக்கையும் அவர்கள் எனக்கு விட்டுவைக்கவில்லை. ஆகவே 4 கிலோவோடு நிற்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் என்பது சில வாரங்களில் நடக்கிறது. மழை வந்தால் தோட்டத்து வழக்கப்படி ஓய்வு.

பெரிய கம்பி விற்பனைக்கு இருக்கிறது. புத்தம் புதிது, தேய்மானம் அறவே இல்லை, அதற்கு நான் உத்தரவாதம். வட்டுகளும் சேர்த்துத் தருகிறேன், துளை 50 மில்லிமீட்டர். அரிசி டின்மேல் இருப்பது மட்டும் விலைக்கில்லை. கொம்யூட்டரில் வந்தாலும் சரி, காரில் வந்தாலும் சரி, இரண்டு பேராக வாருங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளலாம். என்னைத் தூக்கச் சொல்லாதீர்கள்.