கண்டக்டர் இல்லாத கார்

என் காருக்குப் பின்பக்கம் நாலு சென்சார் உண்டு என்று ஷோரூம் பையன் சொன்ன நாளிலிருந்தே அப்பாவுக்கு அந்த நாலோடும் ஆகாது. அவர் பல்லவனில் கண்டக்டராக இருந்தவர். பஸ் ரிவர்ஸ் வரும்போதெல்லாம் இறங்கிப் பின்னால் போய் நின்று, விசில் ஊதி, பாடியைத் தட்டித் தட்டி வழிகாட்டியவர். விட்டு விட்டு ஊதினால் வரலாம். நீளமாக ஊதினால் நிற்கணும். "இதையேதானடா உன் காரும் பண்ணுது? எங்க விசிலைச் சுட்டுட்டுப் போய், சென்சார்னு பேர் வெச்சு பில்லு போடறான்" என்பார். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்குப் பின்பக்க சென்சார் கட்டாயம் என்று நான் சட்டம் பேசினால், "கண்டக்டரைக் கட்டாயமாக்கியிருக்கலாம்" என்று முடித்துவிடுவார்.

போன ஐப்பசி மழையில் நாலில் ஒன்று செத்தது. ரிவர்ஸ் கியர் போட்டதும் ஒரே மூச்சில் ஓர் ஒப்பாரி, அப்புறம் மௌனம். ஒருவர் படுத்தால் மற்ற மூவரும் வேலைநிறுத்தம் என்பது உள்ளே இருக்கும் பெட்டியின் சங்கக் கொள்கை போலிருக்கிறது. அப்பா அன்று இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

மெக்கானிக் சென்சார் விலையைவிடக் கூலி அதிகம் சொன்னார். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர், ஆபரேஷன் தியேட்டர் மாதிரியான ஷெட்டில், கையில் கறை படாமல் பத்து நிமிடத்தில் மாற்றிக் காட்டினார். அவரைக் கொசு கடிக்கவில்லை. அவர் அப்பாவும் பக்கத்தில் இல்லை.

நாலில் செத்தது எது? அதுதான் முதல் சிக்கல். சென்சாருக்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. கரண்ட் பட்டால் வினாடிக்கு 40,000 தடவைபோல அதிர்ந்து ஒலியை அனுப்பிவிட்டு, எதிரொலிக்குக் காத்திருக்கும். ஒரு மீட்டர் தள்ளிச் சுவர் இருந்தால், ஒலி போய்த் திரும்ப 6 மில்லி வினாடி. நம் காது 20,000-க்கு மேல் செவிடு. ஆனாலும் ஒலி கிளம்பும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய ஒரு 'டிக்' கேட்கும். 'டிக்' வராதது பிணம். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அப்பாவை ஏறி ரிவர்ஸ் கியர் போடச் சொல்லிவிட்டு நான் பம்பரில் காதை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. லுங்கியோடு மண்டிபோட்டு, காரின் பின்புறத்தில் கன்னத்தை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். பால் வாங்கிக்கொண்டு வந்த இரண்டாவது மாடி அக்கா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "லோன் கட்டி முடிச்சாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இடது ஓரம், டிக் டிக். அடுத்தது, டிக் டிக். மூன்றாவதில் வெகுநேரம் கேட்டேன். என் நாடிதான் கேட்டது.

பம்பரைக் கழற்றுவது ஸ்குரூ விஷயம் இல்லை, கிளிப்பு விஷயம். ஸ்குரூ நியாயமானது, திருப்பினால் வரும். கிளிப்பு மாட்டும்போது மட்டும்தான் நம் பக்கம். கடைசியாக இரண்டு கையாலும் பிடித்து இழுக்கும்போது 'படார்' என்று ஒரு சத்தம் வரும். கழன்றதா, உடைந்ததா என்பது கண்ணைத் திறந்தால்தான் தெரியும். எனக்கு இரண்டும்.

சந்தேகம் தீர, பக்கத்து சென்சாரைப் பிடுங்கி மூன்றாவதின் பிளக்கில் மாட்டினேன். டிக் டிக். ஒயர் உயிரோடுதான் இருக்கிறது; ஆள்தான் போய்விட்டார்.

மறுநாள் ஜி.பி. ரோடு, ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கார் பெயரைக் கம்பீரமாகச் சொன்னேன். "அது இருக்கட்டும் சார், சென்சாருக்குப் பின்னாடி நம்பர் போட்டிருக்குமே?" என்றார் கடைக்காரர். பார்க்கவில்லை. வெளியே எல்லாம் ஒரே முகமாம், உள்ளே வேறு வேறாம். அடுத்த நாள் பிணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், ஜோடி பார்த்து வாங்கி வந்தேன். அதுவரை கார் பல்செட் கழற்றிய தாத்தா மாதிரி நின்றது. அப்பா பழைய போர்வையை எடுத்துப் பின்பக்கம் போர்த்திவிட்டிருந்தார். சக ஊழியர் மரியாதை.

கார் வெள்ளை, புது சென்சார் கறுப்பு. தடிமனாகப் பெயின்ட் அடித்தால் அதிர்வு அமுங்கிவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்தியதால் அப்படியே மாட்டிவிட்டேன். திருஷ்டிப் பொட்டு என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் பூட்டி முடித்தபோது இரண்டு கிளிப்பு மிச்சம். அது எங்கே போகணும் என்று அந்த வெள்ளைக்காரர் சொல்லவில்லை.

ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டேன். ஒப்பாரி இல்லை. பீப் பீப் பீப் பீப் என்று படபடத்தது. ஓர் அடி நகர்த்தினேன், அதே படபடப்பு. இன்னும் இரண்டு அடி, அதே. நெருங்கவும் மாட்டேன் என்கிறது, விலகவும் மாட்டேன் என்கிறது. புதுசும் போச்சா? மறுபடி அந்தக் கிளிப்புகளா?

டிக்கியில் 'தட் தட்' என்று இரண்டு தட்டு விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு கை வண்டி மேல், மறு கையை ஆட்டிக்கொண்டு, கார் வர வர ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார் அப்பா.

"வரலாம்... வரலாம்... வா..."