பூனைக்கு மணி கட்டிய பறவை நேசர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானாத்தூரைத் தாண்டி முட்டுக்காடு வருகிறவர்கள் இவரைப் பார்க்காமல் போக முடியாது. காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் பைனாகுலர். காரின் பின்கண்ணாடியில் ‘பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள்’ என்று ஸ்டிக்கர். அதே கண்ணாடிக்கு உட்புறம் நாக்கைத் தொங்கப் போட்டபடி ஒரு லாப்ரடார். வீட்டில் லட்டு என்று ஒரு பூனை வேறு உண்டு. விற்றவர் அசல் பெர்ஷியன் என்றுதான் சொன்னார். ஆறே மாதத்தில் அது மதிலேறும் லாவகத்தைப் பார்த்தால், பாதிக்கு மேல் கோவளம் மீன் மார்க்கெட்.

இவர்தான் நம் பறவை நேசர்.

நேசம் பொய்யில்லை. பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கும் நாட்களில், விடியும் முன்பே பாலத்தருகே வந்து நிற்பார். 1984-இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் திறந்த அந்தக் கழிவெளியில், மற்றவர்கள் படகை எண்ணினால் இவர் பூநாரை எண்ணுவார். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பவளக்கால் உள்ளான் என்று தமிழ்ப் பெயர்கள் சரளமாக வரும். வீட்டுக்கு வரும் விருந்தினருக்குக் காபி வருவதற்குள் ஒரு புள்ளிவிவரம் வந்துவிடும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கையில், நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துவிட்டன என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் மௌனம் காப்பார். விருந்தினரும் டம்ளரை எடுக்கத் தயங்குவார்.

ஏன் குறைந்தன? அதற்கும் பதில் தயார். முதல் குற்றவாளி செல்போன் கோபுரம். செல்போன் கதிர்வீச்சால் பறவைகள் சாவதாகக் காட்டிய, 2018-இல் வந்த ‘2.0’ படத்தை அவர் சினிமாவாகப் பார்க்கவில்லை, சாட்சியமாகப் பார்த்தார். சிட்டுக்குருவியின் எண்ணிக்கை நாடு முழுமைக்கும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைவு என்று அதே வரிசையில் 2020-இல் வந்த அறிக்கை சொன்னதை எடுத்துக் காட்டினால் பேச்சு பூச்சிமருந்துக்குத் தாவும். அங்கிருந்து மாஞ்சா நூலுக்கு. கடைசியில் சதுப்பைத் தூர்த்து வீடு கட்டுகிறவர்களிடம் வந்து நிற்கும். இந்தக் கடைசிக் காரணம் நூற்றுக்கு நூறு சரி. அவருடைய வில்லாவுக்கு எத்தனை லோடு மண் அடித்தார்கள் என்பது மட்டும் பத்திரத்தில் எழுதப்படவில்லை.

பட்டியலில் வராத பெயர் ஒன்று உண்டு. காலை ஆறரைக்கு அது வாசலில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கும்.

“சார், உங்க லட்டு இன்னிக்கும் ஒரு குருவியக் கொண்டாந்து மிதியடில போட்டிருக்கு.”

“அது நமக்கு கிஃப்ட்டுக்கா. பாசத்துல குடுக்குது.”

“நேத்து பாசம் ரெண்டு தேன்சிட்டு சார். நான்தான் வாரிப் போட்டேன்.”

வேலைக்கு வரும் அக்கா துடைப்பத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காட்டுகிறார். தையல்சிட்டு. பாசிப் பச்சை முதுகு, நெற்றியில் செம்பழுப்புப் பொட்டு, சிலுப்பி நின்றிருக்க வேண்டிய வால் கோணிக் கிடக்கிறது. எடை பத்து கிராமுக்குள் இருக்கும். தோட்டத்து எலுமிச்சையில், இலையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்த கூடு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டைப் போன வாரம் படமெடுத்து நூற்று நாற்பது பேருக்கு அனுப்பியவரும் இவர்தான்.

மிதியடிக்கு வருவது மொத்தக் கணக்கும் அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமராவைக் கட்டி விட்டுப் பார்த்தார்கள். வேட்டையாடியவை பிடித்ததில் வீட்டுக்குக் கொண்டுவந்தது கால்வாசிகூட இல்லை. பாதியைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்திருந்தன. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், அதற்கு அது விளையாட்டு.

நேசர் இதைப் படிக்காதவர் அல்ல. அந்த நாட்டில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-இல் வந்த மதிப்பீடும் தெரியும். அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளின் வேலை என்ற வரிதான் அவருக்கு மிகவும் பிடித்த வரி. “பாத்தீங்களா, ஸ்ட்ரே கேட்ஸ்தான்!” என்பார். பக்கத்து மனையில் சிமெண்ட் கொட்டகைக்குள் நான்கு வீடில்லாத குட்டிகள் இருக்கின்றன. மூக்கும் வாலும் அப்படியே லட்டு.

ஆனாலும் மனசாட்சி உறுத்தவே, நம் நாட்டில் யாரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தார். பூனைக்கு மணி கட்டினார். வெள்ளியில், சலங்கை போல, மூன்று மணிகள். படமெடுத்துப் போட்டதில் பாராட்டு குவிந்தது. லட்டு இரண்டு நாள் முறைத்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து மணி ஒலிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 355 பூனைகளைச் சோதித்தார்கள். மணியால் குறிப்பிடும்படி எந்தப் பயனும் இல்லை. இறைச்சி மிகுந்த தீனி கொடுத்தபோது வீட்டுக்கு வந்த இரை 36 விழுக்காடு குறைந்தது, தினமும் ஐந்து பத்து நிமிடம் கூட விளையாடியபோது 25 விழுக்காடு. வெள்ளி வாங்கிய காசுக்கு ஒரு தென்னங்குச்சியும் இறகும் போதுமாயிருந்திருக்கும்.

லாப்ரடார் கதை வேறு. அது யாரையும் கடிக்காது. “ரொம்ப ஃப்ரெண்ட்லி சார்” என்று அறிமுகப்படுத்துவார். ஞாயிறு காலை முகத்துவாரத்து மணல் திட்டில் கயிற்றை அவிழ்த்துவிடுவார். அங்கே கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் முப்பது கிராம்கூடத் தேறாது, ஆர்க்டிக் பனிவெளியிலிருந்து வலசை வந்தவை. சேற்றில் புழு பொறுக்கித் திரும்பப் போகும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கின்றன. நட்புள்ளம் கொண்ட நாய் பாய்கிறது. கூட்டம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தள்ளி இறங்குகிறது. நாய் மறுபடி பாய்கிறது. சேர்த்த கொழுப்பு செலவாகிறது. நேசர் இதை மெதுவேகத்தில் படம்பிடித்து, அடியில் இளையராஜாவின் புல்லாங்குழல் ஒன்றைச் சேர்க்கிறார். சிட்னி அருகே காட்டுப் பாதைகளில், கயிற்றில் கட்டிய நாயை நடத்திச் சென்றதற்கே பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் பதிவாகியிருக்கிறது. அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்கள் பார்க்கவில்லை. முட்டுக்காட்டில் வாராவாரம் இலவசக் காட்சி.

திரும்பும் வழியில் கடற்கரைத் தெருநாய்களுக்குக் கோழிச் சோறு. இந்தியாவில் நாய்கள் தாக்கும் காட்டுயிர்கள் எண்பது இனங்கள் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. அவற்றில் 31 ஏற்கெனவே அழிவின் விளிம்பை நோக்கிப் போகிறவை. இதே மணலில் தை, மாசியில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். அந்தக் குழியைத் தோண்ட நாய்களுக்குத் தெம்பு வேண்டுமல்லவா? காலி மனையில் வெறுந்தரையில் நான்கு முட்டையிட்டு, யார் வந்தாலும் கத்தித் தீர்க்கும் ஆள்காட்டிக்கும் இதே கதிதான்.

ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்றொரு சிற்றூர். கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கிற மாதங்களில் பூனைகள் வெளியே வரக்கூடாது என்று 2022-இல் அங்கே உத்தரவே போட்டார்கள். மீறினால் 500 யூரோ அபராதம். இதை நேசர் நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லிச் சிரிப்பார். “லாக்டவுன்ல நம்மையே உள்ள வைக்க முடியல, பூனையவா?” கேட்பவர்களும் சிரிப்பார்கள். தோட்டத்தில் அவர் பறவைகளுக்கென்று தரையோடு தரையாக வைத்த தண்ணீர்த் தட்டின் பக்கத்தில், செம்பருத்திக்குப் பின்னால், லட்டு மட்டும் சிரிக்காமல் பதுங்கியிருக்கும்.

அடுத்த முறை பாலத்தருகே இவரைக் கண்டால் சண்டைக்குப் போக வேண்டாம், நல்ல மனிதர். தண்ணீர்த் தட்டை ஆளுயரத்துக்கு ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். பூனைக்குக் கருத்தடை செய்துவிட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலசைப் பறவைகள் இருக்கும் ஐப்பசி முதல் பங்குனி வரை, முகத்துவாரத்துப் பக்கமே நாயைக் கொண்டுவராமல் வேறு இடத்தில் நடத்தச் சொல்லுங்கள். அங்கேயும் கயிறு வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை; கார் டிக்கியில் ஏற்கெனவே மூன்று கிடக்கின்றன.