அண்ணாந்து பார்த்தலும் அதன் இடையூறுகளும்

கட்டடக்கலையைக் கண்டு மகிழ்வதற்குக் கண்ணே முதன்மைக் கருவி என்று நூல்கள் கூறினாலும், சென்னையில் ஒரு நாள் முழுவதும் அதற்கென ஒதுக்கிப் புறப்படுபவருக்குக் கழுத்தே முதன்மைக் கருவி என்பது முற்பகலுக்குள் விளங்கிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் இங்கு வளர்த்த இந்தோ-சாரசெனிக் பாணி, அதாவது முகலாயர் குவிமாடங்களையும் கூர்முனை வளைவுகளையும் கோயில் தூண்களின் வேலைப்பாட்டையும் ஐரோப்பிய அரசு அலுவலகத்தின் உடம்பில் பொருத்திய கலப்புப் பாணி, தன் செல்வத்தின் பெரும்பகுதியைக் கூரைக்கு மேலேதான் வைத்திருக்கிறது. நடைபாதையோ தன் செல்வத்தையெல்லாம் தரையிலேயே வைத்திருக்கிறது: பெயர்ந்த கல், பாதி மூடிய வடிகால், நிறுத்தி வைத்த இருசக்கர வாகனம், அதன் நிழலில் உறங்கும் நாய். மேலே பார்ப்பவர் இடறுகிறார். கீழே பார்ப்பவர் பத்திரமாக வீடு திரும்புகிறார், ஆனால் ஒரு குவிமாடத்தையும் காணாமல். இவ்விரு நிலைகளுக்கும் நடுவே, இரண்டடி நடந்து நின்று ஒரு முறை நிமிர்வதும், பின்னால் வருபவர் முதுகில் மோதியதும் நகர்வதுமாக அமைந்த நடைக்கே ஊர் சுற்றிப்பார்த்தல் என்று இந்நகரில் பெயர்.

1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தை இதற்குத் தலையாய சான்றாகக் கொள்ளலாம். ஜே. டபிள்யூ. பிராசிங்டன் வரைபடம் தொடங்கி ஹென்றி இர்வின் முடித்துவைத்த இச்செந்நிறக் கட்டடத்தின் மிக உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை நகரின் கலங்கரை விளக்கம் இயங்கிவந்தது. நீதி வழங்கும் வேலையோடு கப்பலுக்கு வழி காட்டும் வேலையையும் ஒரே கூரையின்மேல் ஏற்றிய அந்நாளைய சிக்கனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. எனினும், பல மைல் தொலைவில் அலையில் ஆடிக்கொண்டிருந்த மாலுமிக்குப் புலப்பட்ட அக்கோபுரம், என்.எஸ்.சி. போஸ் சாலையில் அதன் காலடியிலேயே நிற்பவருக்குப் பேருந்தின் கூரைக்கும் மரக்கிளைக்கும் இடையே துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைக் கடற்கரையை நெருங்கிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலினர், தோளில் இடிப்பவர் எவருமின்றி நகரின் முகப்பை நேருக்கு நேர் காணும் வாய்ப்பைப் பெற்றிருந்தும், அதைக் கலை ரசனைக்குப் பயன்படுத்தாமல் துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளுக்குத் தீ மூட்டுவதிலேயே கருத்தாயிருந்துவிட்டனர். அவர்கள் வீசிய குண்டொன்று நீதிமன்ற வளாகத்தையும் தாக்கியதைத் தெரிவிக்கும் கல்வெட்டு அங்கே பதிக்கப்பட்டுள்ளது. அதைப் படிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை என்பதைப் பார்வையாளர் நன்றியுடன் குறித்துக்கொள்ளலாம்.

சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டும், 1913-இல் எழுந்த ரிப்பன் மாளிகையின் வெள்ளை மணிக்கூண்டும், இடையே செங்கல் நிறத்தில் நிற்கும் விக்டோரியா பொது மன்றமும் ஒரே பார்வைக்குள் அடங்குவதால், இவ்விடத்தில் கழுத்து மேலும் கீழும் அசைவதோடு பக்கவாட்டிலும் திரும்பிப் பயிற்சியை நிறைவுசெய்துகொள்கிறது. அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தையும் மறத்தல் தகாது. அக்காலத்தில் நாட்டிலேயே உயர்ந்ததாக விளங்கிய அதில் குவிமாடமோ வளைவோ இல்லாமையால் வெளியூரிலிருந்து வந்தவர் வேறு வழியின்றி மாடிகளை எண்ணினார் என்பதும், எண்ணிய மாடிக்குக் கட்டணம் என்று மிரட்டிக் காசு பறித்தவனிடம் எண்ணியதில் பாதியைக் குறைத்துச் சொல்லித் தாமே அவனை ஏமாற்றிவிட்டதாக மகிழ்ந்தார் என்பதும் நெடுங்காலம் வழங்கிவந்த நகைச்சுவை. கட்டடக்கலை ரசனைக்கு அளவுகோல் ஒன்றை வகுத்த பெருமை அந்த முகமறியாத எத்தனையே சேரும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிலைமை தலைகீழாகிறது. 1851-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர், கல்லையும் உலோகத்தையும்விட உயிருள்ள விலங்கைக் காணவே மக்கள் திரளுவர் என்பதை உணர்ந்து, 1855-இல் வளாகத்திலேயே விலங்குக்காட்சியொன்றை அமைத்தார். விலங்குகள் பின்னர் இடம்பெயர்ந்துவிட்டன. ஆனால் அவர் கண்ட உண்மை இடம்பெயரவில்லை. குடும்பத் தலைவர் அமராவதிச் சிற்பங்களின் முன் நின்று, பளிங்கு என்று வழங்கப்படும் அவை உண்மையில் சுண்ணாம்புக்கற்கள் என்றும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய பௌத்தத் தூபியொன்றின் பகுதிகள் என்றும், அவற்றுள் ஒரு பங்கு இலண்டனுக்குப் போய்விட்டது என்றும் விளக்கி நிமிர்கையில், விளக்கத்தைக் கேட்க எவரும் அருகில் இருப்பதில்லை. அனைவரும் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை நோக்கிச் சென்று வெகுநேரமாகியிருக்கும்.

செப்புத்திருமேனிக் கூடத்தில்தான் கழுத்துக்கு மெய்யான ஓய்வு கிடைக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் சமைத்து, அதன்மேல் களிமண் பூசிச் சூடேற்றி, உருகிய மெழுகு வெளியேறிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்க்கும் முறையில் பிறந்த இத்திருமேனிகள், தண்டில் பொருத்தித் தோளில் சுமந்து வீதியுலாக் கொண்டுசெல்வதற்காகச் செய்யப்பட்டவை. அதற்கான துளைகளையும் வளையங்களையும் பல பீடங்களில் இன்றும் காணலாம். பட்டும் மலரும் மூடிய கோலத்தில், கூட்டத்தில் எம்பி எம்பிப் பார்த்த அடியவருக்குக் கிட்டியது முகமும் கரமுமே. திருவாலங்காட்டு நடராசரின் தூக்கிய திருவடியையும் வளைந்த இடையையும் முழுமையாகவும் தனிமையிலும் கண்மட்டத்திலும் நின்று காணும் பேறு, நுழைவுச்சீட்டு வாங்கியவருக்குத்தான் வாய்த்திருக்கிறது. அந்நாளைய பக்தர் கேட்டும் பெற்றிராத இவ்வரத்தைப் பெற்றவர், பெரும்பாலும் தெய்வத்துக்கு முதுகைக் காட்டி நின்று தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்கிறார்.

வெளியே வந்ததும் ஓய்வு முடிகிறது. அதே வளாகத்தில் இர்வின் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்ட இளஞ்சிவப்புக் கல் மண்டபம், பதேபூர் சிக்ரியில் உள்ள அக்பரின் புலந்த் தர்வாசா என்னும் பெருவாயிலை நினைவூட்டும் முகப்புடன், மீண்டும் அண்ணாந்து பார்க்கும்படி ஆணையிடுகிறது. ஆயினும் நகரின் மற்றெந்தக் கட்டடமும் அளிக்காத ஒரு வசதி இதன்முன் உண்டு: பின்னுக்கு நகர்ந்து நின்று பார்க்க இடமிருக்கிறது, பின்னால் பேருந்து வருவதில்லை.

ஆகவே, இத்தகைய சுற்றுலாவுக்குத் திட்டமிடும் வாசகர் மொத்த வணிகக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பாரிமுனையிலிருந்து தொடங்குவது நல்லது. அன்று அச்சமின்றி நிமிர்ந்து நடக்கலாம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடவும், அன்று எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.