காலை நாலு மணிக்குப் பிச்சி என்ன விலை?

1983-இல் பேங்க் இன்டர்வியூவுக்குப் போன எங்களிடம் ஒரு ஃபைல் இருந்தது. கெசட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்திட்ட சான்றிதழ் நகல்கள், டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட், கால் லெட்டர். நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, ரிசர்வ் வங்கி கவர்னர் மன்மோகன் சிங் என்று இயர் புக்கை ஒப்பித்தபடியே நாகர்கோவிலிலிருந்து திருவள்ளுவர் பஸ்ஸில் மெட்ராஸ் போய்ச் சேர்வோம். வீட்டில் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நம்மளப் பத்தி நாமளே பெருமை பேசக் கூடாது, கேட்டியா?"

எங்களோடு வந்த ஒருவன், பள்ளிப் படிப்பு முடிந்த நாள் முதல் ரைஸ் மில்லில் பேரேடு எழுதியவன். பத்து காசு இடித்தாலும் எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று ராத்திரியே கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். பேங்க் வேலைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? அப்பா பெயர், ஊர், பொது அறிவில் இரண்டு கேள்வி என்று அவன் இன்டர்வியூ முடிந்துவிட்டது. பேரேட்டைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50 என்று வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் பேசினார்கள், பெற்றோரையும் ஊரையும்தான் கேட்டார்கள் என்று மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் கூடாது என்று 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அஜய் ஹாசியா வழக்கு. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் ஒரு கதவு அடைபட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் தனியார் வேலைக்கு இன்டர்வியூ இன்னும் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் மாதிரி இன்டர்வியூ நடத்துகிறேன். இப்போது கூச்சமெல்லாம் கிடையாது. "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றால் போதும். ஹார்ட் வொர்க்கிங், குவிக் லேர்னர், டீம் பிளேயர் என்று மடமடவென்று வரும். அடுத்து வருகிறவரும் அதையே சொல்வார். அன்று வாயைத் திறக்காமல் மறைத்ததை இன்று பேசிப் பேசியே மறைக்கிறார்கள்.

போன மாதம் ஒரு பி.காம். மாணவி இப்படித்தான் ஒப்பித்தாள். "அதை விடும்மா, இன்னைக்குக் காலையில என்ன செஞ்ச?" என்றேன். தயங்கினாள். அப்பாவுக்கு முடியாததால் நாலு மணிக்கே தோவாளைப் பூச்சந்தைக்குப் போனாளாம். பிச்சி என்ன விலைக்குத் தொடங்கியது, வெளிச்சம் வந்ததும் எவ்வளவு இறங்கியது, ஓணத்துக்குக் கேரளாவுக்குச் சரக்கு போகும்போது எவ்வளவு ஏறும், எந்தக் கடைக்காரருக்கு எத்தனை நாள் கடன் தாங்கும் என்று விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல, நாற்காலியில் நிமிர்ந்துவிட்டாள். கடன் பாக்கியைத் தனி நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறாள். வராக்கடன் எது என்பதும் அவளுக்குத் தெரிகிறது. பேங்கில் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு வருஷக்கணக்காயிற்று.

"இதையெல்லாம் ரெஸ்யூமேயில ஏன் எழுதல?"

"பூ யாவாரம்தானே சார்."

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அவளுக்கு இன்டர்வியூ. பழைய ரெஸ்யூமேயின் முதல் பத்தியை அடித்துவிட்டு, சந்தைக் கணக்கை முதலில் எழுதச் சொன்னேன். அந்த நோட்டையும் கையோடு கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.