ஆள்நிறை: கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஓர் இலக்கணக் குறிப்பு

ஒரு சொல்லை எத்தனை முறை அடுக்கலாம் என்பதற்கு நன்னூல் வரம்பு வைத்திருக்கிறது. அசைநிலைக்கு 2, விரைவு வெகுளி போன்ற பொருள்நிலைக்கு 3 வரை, செய்யுளில் ஓசை குறைந்தால் நிரப்ப 4 வரை. அதற்கு மேல் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் போட்ட இந்தக் கோடு, கிழக்குத் தாம்பரத்தில் தினமும் காலை 8.30 மணிக்குத் தாண்டப்படுகிறது. நான் உட்கார்ந்திருந்த ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிட்டவர், "மேடவாக்கம்" என்பதை ஒரே மூச்சில் 7 முறை சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் 7.

முனிவர் பிழைத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இசைநிறைக்குப் பக்கத்தில் ஆள்நிறை என்று ஒன்றைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. ஓசை நிரம்பும்வரை அடுக்குவது இசைநிறை. சீட்டு நிரம்பும்வரை அடுக்குவது ஆள்நிறை.

சொல்தேர்வுக்கு வருவோம். வண்டி இராஜகீழ்ப்பாக்கத்திலும் நிற்கும், செம்பாக்கத்திலும் நிற்கும். கூவலில் இரண்டுக்கும் இடமில்லை. "கேம்ப் ரோடு, மேடவாக்கம், வேளச்சேரி" மட்டும்தான். கே, மே, வே: மூன்றும் ஏகாரம் ஏறிய எழுத்துகள், மூன்றும் நெடில். வேண்டிய அளவுக்கு இழுக்கலாம், அளபெடைக்குத் தோது. 'கீழ்ப்பா' என்று மெய் இரண்டு மோதும் இடத்தில் தொண்டை தடுக்கிவிடும். யாப்பு படிக்காத ஒருவர் மோனை பார்த்து ஊர்களைப் பொறுக்கியிருக்கிறார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் இந்தப் பக்கம் குடிவந்தது. தலைப்பு தேடும் ஆராய்ச்சி மாணவர்கள் நடந்தே வந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

தண்டியலங்காரம் சொல்லும் பின்வருநிலையணியும் இங்கே விளைகிறது. வந்த சொல்லே வேறு பொருளில் வந்தால் சொல் பின்வருநிலை. முதல் "மேடவாக்கம்" தகவல். மூன்றாவது அவசரம். ஆறாவது, ஏறாமல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்மேல் கோபம். இதைவிட அருமை பொருள் பின்வருநிலை, அதாவது சொற்கள் மாறியும் பொருள் மாறாமல் வருவது: "எடுத்துடலாம்", "கெளம்பியாச்சு", "ஒரே ஒரு ஆளுதான்", "அவ்ளோதான் சார்". நான்கும் ஒருபொருட் கிளவிகள். பொருள்: இப்போதைக்குக் கிளம்பாது. "ஒரே ஒரு ஆளு" என்பதில் உள்ள 'ஒன்று' எண்ணுப்பெயர் அன்று. நான் ஏறியபோதும் ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. எனக்குப் பின் மூவர் ஏறிய பிறகும் அதே ஒன்று.

தொனி, கால் படியில் படுவதைப் பொறுத்தது. தரையில் நிற்கும்வரை "வாங்கக்கா, வாங்க சார்". முகத்தில் உவகை. ஏறியதும் "சார், கொஞ்சம் தள்ளி உக்காரு". 'சார்' உயர்வு, 'உக்காரு' ஒருமை, இலக்கணப்படி வழு. ஆனால் அந்த வண்டியில் யாரும் முகம் சுளிக்கவில்லை, எல்லோரும் தள்ளி உட்கார்ந்தோம். ஆகவே வழுவமைதி.

இந்தக் குறிப்பை முழுவதும் வண்டியில் உட்கார்ந்தபடியே எழுதினேன். மணி 8.55. மேடவாக்கம் போகிறவர் யாராவது பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் வந்து ஏறவும். ஒரே ஒரு ஆளுதான்.