கிழியாத கடைசிப் பக்கம்

உக்கடம் பழைய புத்தகக் கடையில் நான் போட்ட ஒரே சண்டை எழுத்தாளர் பிலிப் புல்மனால் வந்தது. 2001. எனக்குப் பதினான்கு வயது. நாற்பது ரூபாய்க்கு வாங்கிய அவரது 'நார்தர்ன் லைட்ஸ்' நாவல் முடியவே இல்லை. நண்பனைப் பறிகொடுத்த நாயகி லைரா, வானத்தில் திறந்த வழியே வேறோர் உலகத்துக்கு நடந்து போகிறாள். புரட்டினால் அட்டை.

"அண்ணா, கடைசியில பக்கம் கிழிஞ்சிருக்குதுங்க."

கடைக்காரர் புத்தகத்தை விரித்து, பசை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "எல்லாம் சரியாத்தான் இருக்குது கண்ணு. கதையே அவ்வளவுதானோ என்னவோ." நான் நம்பவில்லை.

அடுத்த மாதம் அதே கடையில் அதே ஆசிரியரின் 'தி கோல்டன் காம்பஸ்'. இரண்டாம் பாகம்! பேரம் பேசக்கூடத் தோன்றாமல் அறுபது ரூபாய் கொடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தால் அதே ஆக்ஸ்ஃபோர்டு, அதே ஜோர்டன் கல்லூரி, லைரா ஒளிந்துகொள்ளும் அதே அலமாரி. அமெரிக்காவில் அதே நாவலுக்கு வேறு பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். நூறு ரூபாய்க்கு ஒரே கதை இரண்டு முறை. ஒரே ஆறுதல், அதுவும் அதே இடத்தில்தான் முடிந்தது. கடைக்காரர் நிரபராதி. அதைப் போய் அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை.

லைராவின் உலகத்தில் மனிதனின் ஆன்மா ஒரு மிருகமாகக் கூடவே நடமாடும். டீமன் என்று பெயர். சிறுவர்களுடையது நினைத்தபடி உருமாறும், வளர்ந்ததும் ஒரே உருவில் நின்றுவிடும். எனக்குச் சிறுத்தை என்று முடிவு செய்திருந்தேன். வேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் நாய்தான் என்ற வரியை வேகமாகக் கடந்து போனேன்.

உண்மையான இரண்டாம் பாகம், 'தி சட்டில் நைஃப்', பெங்களூர் போன மாமா கையில் வந்தது. திறந்தால் லைராவையே காணோம். வில் என்று எவனோ ஒரு பையன், உடம்புக்கு முடியாத அம்மா. கடுப்பாக இருந்தது. ஆளில்லாத ஊர் ஒன்றில் அவன் லைராவுக்கு ஆம்லெட் போடச் சொல்லிக் கொடுத்தான்; அதோடு சமாதானமானேன். இரண்டு குழந்தைகள், பெரியவர்கள் துணையில்லை. அடுத்த வேளைக்கு என்ன செய்வார்கள் என்று ஒரு நொடிகூட நான் கவலைப்படவில்லை.

மூன்றாம் பாகத்தோடு எல்லாம் முடிந்தது என்றிருந்தேன். அது வெளிவந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 2017இல், புல்மன் மறுபடி தொடங்கினார். அந்தப் புதுப் புத்தகத்தில் லைரா கைக்குழந்தை. வெள்ளத்தில் படகில் போகிறாள். 2019இல் வந்த 'தி சீக்ரெட் காமன்வெல்த்'தில்தான் அவளுக்கு இருபது வயது. எனக்கு முப்பத்திரண்டு. முன்பு நாங்கள் ஏறக்குறைய ஒரே வயசுக்காரர்கள். இப்போது அவள் என் ஆபீஸுக்குப் பயிற்சிக்கு வரும் பெண் மாதிரி.

தலையணை கனத்தில் புத்தகம். அதில் நான் மூச்சுப் பிடித்துப் படித்த இடம் எது தெரியுமா? கல்லூரியின் புது மாஸ்டர் லைராவைக் கூப்பிட்டு, இதுவரை உன் செலவைப் பழைய மாஸ்டர் கைக்காசில் பார்த்துக்கொண்டார், அது தீர்ந்தது, அறையைக் காலி செய் என்று சொல்லும் இடம். முதல் பாகத்தின் கவசம் போட்ட பனிக்கரடிக்காக விடிய விடியக் கண்விழித்தவன், ஃபீஸுக்காக எழுந்து உட்கார்ந்தேன். மூட்டை கட்டிக்கொண்டு தனியாகத் தூர தேசம் கிளம்புகிறாளே, கையில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

லைராவுக்கும் அவள் டீமன் பானுக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லை. எதிலும் மாயமில்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரிவதுதான் என்று வாதாடும் புத்தகங்களில் அவள் மயங்கிக் கிடக்கிறாள். உன் கற்பனையைத் தேடிப் போகிறேன் என்று எழுதி வைத்துவிட்டு பான் போய்விடுகிறான். புல்மன் இப்படி அவளைச் சுவாரசியமில்லாதவளாக ஆக்கிவிட்டாரே என்று மனைவியிடம் புலம்பினேன். புலம்பலின் நடுவே மேனேஜர் ஃபோன். "எஸ் சார்" என்று எழுந்து நின்றே பேசினேன். மனைவியும் முதல் பாகம் படித்தவள். "சிறுத்தைதானே சொன்னீங்க?" என்றாள்.

பானைத் தேடி லைரா இரவில் ஒரு பாழூருக்குள் போகிறாள். அடுத்த பக்கத்தில் கதை இல்லை. என்னையறியாமல் புத்தகத்தை விரித்து, பசை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபரில், 'தி ரோஸ் ஃபீல்ட்' வந்தது. வந்த அன்றே வாங்கி, முதல் வேலையாகக் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருக்கிறது. கரண்ட் பில் ரசீதுதான் நாற்பத்தோராம் பக்கத்தைவிட்டு நகரமாட்டேன் என்கிறது.